அழுத்தினால் வடியும் நீலம்

வில்பட்டிக்கு நான் ஸ்கேன் மெஷினைக் கொண்டுபோவதில்லை. கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று பார்ப்பதைத் தடுக்க 1994-இல் வந்த சட்டம், அல்ட்ராசவுண்ட் மெஷினைப் பதிவுசெய்த இடத்தைவிட்டு நினைத்தபடி வெளியே எடுத்துப்போக விடாது. நியாயமான சட்டம். அதனால் கொடைக்கானலுக்குப் பக்கத்தில் இருக்கும் அந்த மலை ஊரில், மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் நோயாளிகளைப் பார்க்க உட்காரும்போது மேசையில் இருப்பவை ஓர் அளவு நாடா, பேனா பருமனில் ஒரு டாப்ளர் கருவி, ரத்தம் எடுக்கும் குழாய்கள், அவ்வளவுதான். அந்தப் பேனா டாப்ளரில் படம் தெரியாது, ரத்தம் ஓடும் சத்தம் மட்டும் கேட்கும். மீதியைக் கைதான் பார்க்க வேண்டும்.

நான் மதுரையில் வேலை பார்க்கும் ரேடியாலஜிஸ்ட். எக்ஸ்ரே, ஸ்கேன் படங்களைப் பார்த்து ரிப்போர்ட் எழுதுவதோடு நிற்காமல், படத்தைப் பார்த்துக்கொண்டே ஊசி வழியாக ரத்தக்குழாய்களுக்குள் போய் வைத்தியம் செய்யும் பிரிவு என்னுடையது. அடைத்த காலுக்கு பலூன், கல்லீரல் கட்டிக்கு மருந்து என்று அன்றாட வேலை நிறைய உண்டு. ஆனால் இத்தனை வருஷத்தில் என் மனசு அதிகம் போய் ஒட்டிக்கொண்டது பிறவியிலேயே சிரைகள் தவறாக அமைந்தவர்களிடம்தான். வீனஸ் மால்ஃபர்மேஷன் என்று எங்கள் ஃபைல்களில் எழுதுவோம். மலையில் அதற்கு நீலக் கட்டி, நரம்புக் கட்டி, ரத்த மச்சம் என்று பல பெயர்.

பூண்டு வயலில் களை வெட்டும் ஒரு பெண், வயது நாற்பதுக்கு மேல், வலது கன்னமும் கீழுதட்டின் ஓரமும் உப்பி, நாவல்பழ நிறத்தில் இருக்க என் முன்னால் வந்து உட்கார்ந்தார். வந்ததும் சொன்னது இதைத்தான்: "டாக்டரம்மா, குனிஞ்சா மூஞ்சி நெறஞ்சிருது. நிமிந்தா வடிஞ்சிருது. காலையில எந்திரிக்கையில ஒதடு தடிச்சுக் கெடக்கும், அடுப்புப் பத்தவச்சு முடிக்கிறதுக்குள்ள சரியாயிரும்."

நாலு பாடப்புத்தகம் சொல்லும் விஷயத்தை அவர் நாலு வரியில் சொல்லிவிட்டார். எழுந்து நிற்கச் சொன்னேன், பிறகு தலையை முழங்கால் வரை தாழ்த்தச் சொன்னேன். எண்ணிப் பத்து வருவதற்குள் கன்னம் பொங்கியது. நிமிர்ந்ததும் விரலால் அழுத்தினேன். ஈரப் பஞ்சை அமுக்குவது மாதிரி அமுங்கியது, விட்டதும் மெல்ல மெல்ல நிரம்பியது. தொட்டால் சூடில்லை. துடிப்பில்லை. டாப்ளரை வைத்தால் அமைதி, கன்னத்தைப் பிசைந்தால் மட்டும் ஒரு சின்ன 'ஸ்ஸ்'. உள்ளே இரண்டு இடத்தில் பட்டாணி அளவில் கெட்டியாக ஏதோ உருண்டது. அதைப் பல்லோடு சம்பந்தப்பட்டது என்று நினைத்து அவர் பல்லைப் பிடுங்கிக்கொள்ளத் தயாராக இருந்தார். நல்லவேளை, போகவில்லை. தாடைக்குள்ளும் பரவியிருக்கும் சிரைக் கோளாறில் பல்லைப் பிடுங்கினால் ரத்தத்தை நிறுத்துவது பெரும்பாடு.

அந்தக் கெட்டியான உருண்டைகள் சிரைக்கற்கள். ரத்தம் ஓடாமல் தேங்குகிற இடத்தில் உறைந்து, உறைந்ததில் சுண்ணாம்பு ஏறிக் கல்லாகிறது. சாதாரண எக்ஸ்ரேயிலேயே வட்ட வட்டமாகத் தெரியும். ஒரு நீல வீக்கத்தில் இந்தக் கற்கள் தெரிந்தால் வேறு பரிசோதனை இல்லாமலே இது சிரைக் கோளாறு என்று ஏறக்குறையச் சொல்லிவிடலாம். நூற்றைம்பது, இருநூறு ரூபாய் எக்ஸ்ரே செய்கிற வேலையை இப்போதெல்லாம் யாரும் மதிப்பதில்லை என்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

உள்ளே நடப்பது இதுதான். ஆரோக்கியமான சிரையின் சுவரில் மென்தசை ஒரு சீரான உறையாகச் சுற்றியிருக்கும். இவர்களுக்கு, தாயின் வயிற்றில் ரத்தக்குழாய்கள் உருவாகும் காலத்தில், உடம்பின் ஒரு பகுதியில் மட்டும் அந்தத் தசை திட்டுத்திட்டாக அமைந்துவிடுகிறது, சில இடங்களில் இல்லவே இல்லை. தசை இல்லாத சுவர் ரத்தத்தின் பாரத்துக்கு விரிந்துகொண்டே போகும். புதிய செல்கள் கட்டுக்கடங்காமல் பெருகுவதில்லை, அதனால் இது புற்றுநோய் அல்ல. புற்றாக மாறுவதும் இல்லை. குழந்தை வளர வளர அதே விகிதத்தில் இதுவும் வளரும். பூப்பெய்தும் வயதில், கர்ப்பத்தில், அடிபட்டால், அரைகுறையாக அறுத்துவிட்டால் திடீரென்று வேகமெடுக்கும். பத்தாயிரம் பிறப்பில் ஒருவர், இருவருக்கு வருகிறது என்பது கணக்கு. ஒரு லட்சம் ஜனம் இருக்கும் ஒரு மலைத் தாலுகாவில் பத்துப் பதினைந்து பேராவது இருப்பார்கள் என்றுதானே அர்த்தம்?

நெடுங்காலம் மருத்துவர்களே இதைச் சரியாகப் பிரித்துப் பார்க்கவில்லை. பிறந்து சில வாரத்தில் சிவப்பாகத் தோன்றி, மளமளவென்று வளர்ந்து, ஒரு வயதுக்குப் பிறகு தானாகச் சுருங்கும் ஹெமான்ஜியோமாவையும், வாழ்நாள் முழுக்கக் கூடவே இருக்கும் இதையும் ஒரே பெயரில்தான் எழுதினார்கள். 1982-இல் அமெரிக்காவின் பாஸ்டனில் ஜான் மல்லிக்கன், ஜூலி க்ளோவாக்கி என்ற இருவர், செல்கள் பெருகுகின்றனவா இல்லையா என்று பார்த்து இரண்டையும் பிரித்துக் காட்டினார்கள். இந்தத் துறையில் எனக்கு மிகப் பெரிய காரியமாகப் படுவது அந்தப் பிரிவினைதான். மருந்து கண்டுபிடித்தது அதற்கு அடுத்துத்தான். ஹெமான்ஜியோமாவுக்கு 2008 முதல் ப்ராப்ரனலால் என்ற எளிய மருந்து இருக்கிறது, அது சிரைக் கோளாறுக்கு எடுபடாது. "தானாப் போயிரும்" என்ற ஆறுதல் ஹெமான்ஜியோமாவுக்குப் பொருந்தும், இதற்குப் பொருந்தாது. ஆனாலும் இன்றும் என்னிடம் வரும் டிஸ்சார்ஜ் சம்மரிகளில் பாதியில் 'கேவர்னஸ் ஹெமான்ஜியோமா' என்றுதான் இருக்கிறது. அந்த ஒரு சொல்லை நம்பி இருபது வயதுவரை காத்திருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இன்னொரு பக்கத்துக் குழப்பம் இதைவிட ஆபத்தானது. தமனியும் சிரையும் நடுவில் தந்துகி இல்லாமல் நேரடியாகச் சேர்ந்துவிடும் ஏ.வி.எம். என்ற கோளாறு. காதுக்குப் பின்னால் வீக்கத்தோடு வந்த ஓர் இளைஞரைத் தொட்டதும் சூடு தெரிந்தது, விரலுக்கடியில் ஒரு அதிர்வு ஓடியது, டாப்ளரை வைத்ததும் கூடத்தில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு இரைச்சல். அன்றைக்கே கீழே அனுப்பினேன். அதற்கான வைத்தியம் முற்றிலும் வேறு. அதைச் சிரைக் கோளாறு என்று நினைத்து ஊசி போட்டாலோ, ஊட்டும் தமனியை வெளியிலிருந்து கட்டிவிட்டாலோ நிலைமை கைமீறிப் போகும்.

முழங்காலுக்கு மேல் தொடைத் தசைக்குள் கோளாறு இருந்த ஒரு சிறுமியைப் பற்றிச் சொல்ல வேண்டும். மேல்தோலில் ஒரு நீலத் தேமல் மட்டும்தான், அதுவும் உற்றுப் பார்த்தால்தான் தெரியும். வலிக்கிறது என்று அவள் சொன்னதையெல்லாம் வளரும் வயதின் வலி என்று ஓரிடத்திலும், பள்ளிக்கூடம் போகச் சோம்பல் என்று வீட்டிலும் ஒதுக்கிவைத்தார்கள். வில்பட்டியில் வீட்டுக்கும் ரோட்டுக்கும் நடுவே படிக்கட்டு, படிக்கட்டு முடிந்தால் மேடு. அவளால் அதை இறங்கிவிட முடிந்தது, ஏற முடியவில்லை. என்னிடம் வந்தபோது முழங்கால் முழுசாக நீளாது. தொடைச் சுற்றளவை நாடாவால் அளந்தால் இரண்டு பக்கத்துக்கும் வித்தியாசம். அவளுடைய ஆத்தா திரும்பத் திரும்பக் கேட்டது ஒன்றுதான்: "கெரகணத்தன்னைக்கு நான் வெளிய வந்தேன், அதனாலயாம்மா?"

இல்லை என்று சொன்னேன். இதை நான் ஒவ்வொரு தாய்க்கும் சொல்கிறேன், அழுத்திச் சொல்கிறேன். கிரகணத்தாலும் இல்லை, கர்ப்பத்தில் தின்றதாலும் இல்லை, யார் செய்த பாவத்தாலும் இல்லை. பெல்ஜியத்தில் மீக்கா விக்குலா என்ற ஆராய்ச்சியாளரின் குழு 2009-இல் இதன் காரணத்தைக் காட்டியது. ரத்தக்குழாயின் உட்புறச் செல்களில் டை-2 என்ற புரதத்துக்கான மரபணுவில் ஒரு மாற்றம், அதுவும் கரு உருவான பிறகு அந்த இடத்துச் செல்லில் மட்டும் நேர்ந்த மாற்றம். சிரைக் கோளாறு உள்ளவர்களில் பாதிப் பேருக்கும் மேல் இதுதான் காரணம். இன்னும் ஏறக்குறைய கால்வாசிப் பேருக்கு பி.ஐ.கே.3.சி.ஏ. என்ற வேறொரு மரபணுவில் மாற்றம் இருக்கிறது. உடம்பின் மற்ற செல்களில் இது இல்லை, கருமுட்டையில் இல்லை, விந்தணுவில் இல்லை.

கல்யாணப் பேச்சில் இந்த அறிவியல் எவ்வளவு பெரிய விஷயம் என்பது மருத்துவர்களைவிடப் பெண்ணைப் பெற்றவர்களுக்குத் தெரியும். புறங்கையில் நீலப் புடைப்பு இருந்த பெண்ணுக்கு நல்ல இடம் வந்தது, மாப்பிள்ளை வீட்டார் கேட்டது "பேரப்புள்ளைகளுக்கும் வருமா?" என்பதுதான். பரம்பரையாக வரும் வகைகள் உண்டு, ஆனால் மிகக் குறைவு. அவற்றில் உடம்பில் பல இடத்தில் சின்னச் சின்னதாக இருக்கும், வீட்டில் வேறு யாருக்காவதும் இருக்கும். ஒரே இடத்தில் மட்டும், வீட்டில் வேறு யாருக்கும் இல்லாமல் இருந்தால் அடுத்த தலைமுறைக்குப் போகாது என்றே சொல்லலாம். அதை என் லெட்டர்பேடில் தமிழில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். மருந்துச் சீட்டு எழுதுவதைவிட அன்று எனக்கு அதில் திருப்தி.

அந்தச் சிறுமியை மதுரைக்கு வரவழைத்தோம். வில்பட்டியிலிருந்து கொடைக்கானல், அங்கிருந்து பெருமாள்மலை, வத்தலக்குண்டு வழியாக மதுரை. கொண்டை ஊசி வளைவுகளில் காலைத் தொங்கவிட்டபடி நாலு மணி நேரம் உட்கார்ந்து வந்தால் கால் வீங்கித்தான் இறங்குவார்கள். பக்கத்து சீட்டில் காலை நீட்டி வைத்து வரச் சொல்வது என் வழக்கம். எம்.ஆர்.ஐ. எடுத்தோம். தேங்கி நிற்கும் ரத்தம் டி-2 படத்தில் பளிச்சென்ற வெள்ளையாகத் தெரியும், எந்தத் தசைக்குள், எலும்பை ஒட்டியா, மூட்டுக்குள் போயிருக்கிறதா என்று எல்லை கட்டிப் பார்த்துவிடலாம். அவளுக்கு முழங்கால் மூட்டின் உறைக்குள்ளும் கொஞ்சம் போயிருந்தது. மூட்டுக்குள் ரத்தம் கசியக் கசியக் குருத்தெலும்பு அரித்துப்போகும், இருபது வயதில் அறுபது வயது முட்டியாகிவிடும். அதனால்தான் அவளைத் தள்ளிப்போட எனக்கு மனமில்லை.

ஊசிக்கு முன் ஒரு ரத்தப் பரிசோதனை, டி-டைமர். சிரைக் கோளாறு உள்ளவர்களில் பத்தில் நாலு பேருக்கு இது உயர்ந்திருக்கும். தேங்கிய ரத்தத்தில் ஓயாமல் சின்னச் சின்ன உறைவுகள் உண்டாகிக் கரைந்துகொண்டிருக்கின்றன என்பதற்கு அது அடையாளம். ஃபைப்ரினோஜன் என்ற உறைபொருளும் குறைந்திருந்தால் எச்சரிக்கையாக வேண்டும். கத்தி வைத்தால் அடங்காத ரத்தப்போக்கு வரலாம். விநோதம் என்னவென்றால், ரத்தம் கசியக்கூடும் என்ற பயம் இருக்கும் இவர்களுக்கு நாங்கள் கொடுப்பது உறைவதைத் தடுக்கும் ஹெப்பாரின் ஊசி. உறைவு நின்றால் உறைபொருள் வீணாகச் செலவாவதும் நிற்கும், வலியும் குறையும். காலையில் எழும்போது விறைப்பும் குத்தலும் உள்ள பலருக்கு இதுவே பாதி வைத்தியம்.

வில்பட்டிக்காரர்கள் இங்கே கேட்கும் கேள்வி வேறு எந்த ஊரிலும் என்னிடம் கேட்கப்படாதது: "பூண்டு தின்னா ரத்தம் உறையாதுங்கிறாங்களே, நாங்க வெளயவைக்கிற பூண்டத் தின்னாப் போதாதா?" கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது, அந்தப் பெருமையோடுதான் கேட்கிறார்கள். பூண்டு ரத்தத் தட்டணுக்கள் ஒட்டுவதைச் சற்றுக் குறைக்கும் என்பது உண்மை. மருந்தாகும் அளவுக்கு இல்லை. குழம்பில் போட்டுச் சாப்பிடுங்கள், ஊசிக்கு முந்தைய வாரம் பச்சைப் பூண்டை மட்டும் நிறுத்திவையுங்கள் என்பேன்.

ஊசி போடும் நாளை விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் பயம் பெரும்பாலும் தெரியாததில்தான் இருக்கிறது. குழந்தை என்றால் மயக்க மருந்து. தோலைத் துடைத்து, அல்ட்ராசவுண்டில் பார்த்துக்கொண்டே மெல்லிய ஊசியைச் சிரைப் பைக்குள் நுழைப்பேன். சரியான இடத்தில் இருந்தால் ஊசியின் குழாயில் கறுத்த ரத்தம் அவசரமில்லாமல் ஊர்ந்து வரும். சிவப்பாகப் பீறிட்டால் அது தமனி, அங்கே மருந்து போகக் கூடாது. பிறகு எக்ஸ்ரே திரையைப் பார்த்தபடி சாயத்தைச் செலுத்துவேன். இந்த இடத்தில் அவசரமே கூடாது. பை நிரம்பி அப்படியே நிற்கிறதா, நிரம்பியதும் மெல்லிய சிரை வழியாக வடிகிறதா, இல்லை அகலமான சிரை ஒன்றில் நேராகப் போய்க் கொட்டுகிறதா? நிற்குமானால் மருந்தும் அங்கேயே நின்று வேலை செய்யும். ஓடுமானால் மருந்தும் ஓடி, ஆழ்ந்த சிரை வழியாக நுரையீரலுக்குப் போகலாம். அப்போது வடியும் வாயை விரலால் அழுத்திப் பிடிப்போம், அல்லது அதை முதலில் அடைத்துவிட்டு மேலே போவோம். எவ்வளவு சாயம் போனபிறகு வடிய ஆரம்பித்தது என்று குறித்துக்கொள்வேன். மருந்தின் அளவு அதைத் தாண்டக் கூடாது.

மருந்து சோடியம் டெட்ராடெசில் சல்ஃபேட். அடிப்படையில் ஒருவகைச் சோப்பு. இரண்டு மில்லி மருந்தை ஒரு சிரிஞ்சிலும் எட்டு மில்லி காற்றை இன்னொன்றிலும் எடுத்து, நடுவில் மூன்று வழித் திருகைப் பொருத்தி, இங்கும் அங்கும் வேகமாகத் தள்ளினால் கெட்டியான வெள்ளை நுரை கிடைக்கும். இத்தாலியைச் சேர்ந்த டெஸ்ஸாரி என்ற மருத்துவர் 2000-இல் சொல்லிக்கொடுத்த எளிய வழி இது. நுரையின் பயன், அது ரத்தத்தோடு கலந்து நீர்த்துப்போகாமல் ரத்தத்தைத் தள்ளிவிட்டுச் சுவரில் நேராகப் போய் ஒட்டுகிறது. குறைந்த மருந்து, நிறையப் பரப்பு. ஓரிரு நிமிஷத்தில் நுரை தண்ணீராகிவிடும் என்பதால் அடித்த கையோடு செலுத்த வேண்டும். அல்ட்ராசவுண்ட் திரையில் கறுப்பாக இருந்த பை வெண்மையாக நிரம்பி, அதன் பின்னால் நிழல் விழும். அந்த நேரம் என் பக்கத்தில் நிற்கும் நர்ஸின் கண் திரையில் இருக்கக் கூடாது, தோலில் இருக்க வேண்டும். தோல் வெளுத்தால் உடனே "மேடம், வெளுக்குது" என்று குரல் கொடுப்பார், நான் கையை எடுத்துவிடுவேன். வெளுத்த பிறகும் தள்ளினால் தோல் அழுகும்.

ஊசிக்குப் பிறகு வீக்கம் கூடும், குறையாது. இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால் வீட்டார் அடுத்த நாளே வேறு ஆஸ்பத்திரிக்கு ஓடுவார்கள். முதல் இரண்டு நாள் உச்சம், ஒரு வாரம் பத்து நாளில் வடியும். அந்த இடம் கெட்டியாகும், பிறகு மாதக்கணக்கில் சுருங்கும். சிறுநீர் சிலருக்குச் சிவந்து போகும், சிவப்பணுக்கள் உடைந்ததால் வருவது, சலைன் நிறையக் கொடுத்தால் தெளிந்துவிடும். காய்ச்சல் இருந்தாலோ, கால்விரல் மரத்தாலோ, தோல் கறுத்துக் கொப்புளித்தாலோ உடனே வர வேண்டும். அந்தச் சிறுமிக்குச் சில மாத இடைவெளிகளில் பல தடவை செய்தோம், நடுவே பிசியோதெரபி. முழங்கால் நீண்டது. வலி அடியோடு போகவில்லை. மாதத்தில் சில நாள் மாத்திரை வேண்டியிருக்கிறது. ஆனால் பள்ளிக்கூடத்துக்கு நடந்து போகிறாள்.

கன்னத்தில் கோளாறு இருந்த பெண்ணுக்கு வேறு மருந்தைத் தேர்ந்தெடுத்தோம். முகம், நாக்கு, தொண்டை, கண்குழி போன்ற இடங்களில் ஊசிக்குப் பிறகு வரும் வீக்கமே மூச்சை அடைக்கலாம், பார்வையைக் கெடுக்கலாம். அங்கே ப்ளியோமைசின் அதிகம் வீங்க விடாமல் வேலை செய்கிறது. புற்றுநோய் மருந்துதான், ஆனால் இங்கே போடுவது சொற்ப அளவு. வாழ்நாளில் மொத்தம் எவ்வளவு போயிருக்கிறது என்று கணக்கு வைக்க வேண்டும், அளவு மிஞ்சினால் நுரையீரல் தழும்பேறிவிடும். இந்த மருந்தில் ஒரு விநோத குணம் உண்டு. போட்ட ஓரிரு நாளுக்குள் உடம்பில் எங்கே சொறிந்தாலும், பிளாஸ்திரி ஒட்டிப் பிய்த்தாலும், அந்தக் கோடு பழுப்பாக மாறி மாதக்கணக்கில், சிலருக்கு நிரந்தரமாகவே தங்கிவிடும். அதனால் ஈ.சி.ஜி. ஸ்டிக்கரைக்கூட யோசித்துத்தான் ஒட்டுவோம். தலையில் இறுக்கித் துண்டு கட்டாதீர்கள், மூட்டை தூக்காதீர்கள், கொசு கடித்தாலும் சொறியாதீர்கள் என்று அவரிடம் சொன்னபோது, "சொமக்காம ரெண்டு நாளு இருக்கணும்னா அதுவே பெரிய வைத்தியந்தாம்மா" என்றார்.

எதனோடும் ஒப்பிட முடியாத பலம் சுத்தமான ஆல்கஹாலுக்கு உண்டு. சுவரை ஒரேயடியாக அழித்துவிடும். பக்கத்தில் நரம்பு இருந்தால் அதையும் சேர்த்துத்தான். ரத்தத்தில் அதிகம் கலந்தால் இதயமே தடுமாறும். சில இடங்களில் அதற்கு மாற்று இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன், ஆனால் கை கால் விரல்களின் பக்கமும் முகநரம்பின் பக்கமும் அதை நான் கொண்டுபோவதில்லை. குணம் சற்றுத் தாமதமாக வரட்டும், விரல் அசையட்டும்.

அறுவை சிகிச்சையை நான் எதிர்ப்பவள் அல்ல. ஓரிடத்தில் சின்னதாக, எல்லை தெளிவாக இருந்தால் திறமையான கை அதை முழுசாக எடுத்துவிடும், மறுபடி வராது. எம்.ஆர்.ஐ. பார்க்காமல், எங்கே முடிகிறது என்று தெரியாமல் அறுப்பதுதான் கேடு. கெண்டைக்காலில் மூன்று நீளத் தழும்புகளோடு ஒரு பெரியவர் வருவார். இளவயதில் எங்கோ ஓரிடத்தில் 'கட்டி' என்று அறுத்திருக்கிறார்கள், ரத்தம் நிற்காமல் பாதியில் தைத்திருக்கிறார்கள், மறுபடி புடைத்ததும் மறுபடி அறுத்திருக்கிறார்கள். இப்போது தழும்புக்கு அடியிலும் பக்கத்திலும் பழையதைவிடப் பெரிதாக இருக்கிறது, பாதம் மேலே தூக்கவில்லை, நரம்பு போய்விட்டது. அவருக்கு என்னால் செய்ய முடிவது அழுத்தக் காலுறையும் அவ்வப்போது ஒரு ஊசியும்.

அந்தக் காலுறையைப் பற்றி ஒரு வார்த்தை. காலையில் படுக்கையைவிட்டு இறங்கும் முன், கால் வடிந்திருக்கும்போதே மாட்ட வேண்டும். இரவு கழற்ற வேண்டும். ஆறு மாதத்தில் இழுவை போய்விடும், புதிது வாங்க வேண்டும். மதுரை வெயிலில் இதை மாட்டச் சொன்னால் பலர் ஒரு வாரத்தில் கழற்றி எறிந்துவிடுகிறார்கள். வில்பட்டிக் குளிரில் மனமுவந்து போட்டுக்கொள்கிறார்கள், மார்கழியில் இரண்டாவது காலுக்கும் கேட்பவர்கள் உண்டு. இந்த நோய்க்கு எல்லா வைத்தியத்திலும் மலிவானது, ஆபத்தே இல்லாதது இதுதான். இருந்தும் பலருக்கு எழுதிக் கொடுக்கப்படாததும் இதுதான்.

ஊசியாலும் கத்தியாலும் எட்ட முடியாதபடி பரந்துபட்டவர்களுக்கு இப்போது ஒரு மாத்திரை இருக்கிறது, சிரோலிமஸ். அதன் கதையை இந்த விவசாய ஊரில் சொல்ல எனக்குப் பிடிக்கும். 1964-இல் பசிபிக் கடல் நடுவே ஈஸ்டர் தீவுக்குப் போன கனடா நாட்டுக் குழு ஒன்று அங்கிருந்து மண்ணை எடுத்துவந்தது. அந்த மண்ணில் இருந்த ஒரு பாக்டீரியாவிலிருந்து மருந்தைப் பிரித்தெடுத்தவர்களில் முக்கியமானவர் சுரேந்திர சேகல், இப்போது பாகிஸ்தானில் இருக்கும் குஷாபில் பிறந்து காசியில் படித்தவர். கம்பெனி ஆய்வகத்தை மூடியபோது அந்தக் கிருமியைத் தன் வீட்டு ஃப்ரீசரில் வைத்துக் காப்பாற்றினார். மாற்றுச் சிறுநீரகத்தை உடம்பு தள்ளிவிடாமல் இருக்க 1999-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. கெட்டுப்போன டை-2 மரபணு எந்தப் பாதையில் செல்லைத் தூண்டுகிறதோ அந்தப் பாதையில்தான் இந்த மருந்து குறுக்கே நிற்கிறது என்பது பின்னால்தான் புரிந்தது. வலி குறைகிறது, கசிவு குறைகிறது, டி-டைமர் இறங்குகிறது. கோளாறு முழுசாக மறைந்ததை நான் பார்த்ததில்லை. வாய்ப்புண், தொற்று, கொழுப்பு ஏறுதல் என்று பக்கவிளைவுகள் உண்டு. மருந்தின் அளவு ரத்தத்தில் சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், அந்த ரத்தத்தைக் காலை மாத்திரைக்கு முன்னால் எடுக்க வேண்டும். அதற்காக மலையிலிருந்து இரவே கிளம்பி வந்தவர்கள் உண்டு. இப்போது வில்பட்டியிலேயே எடுத்து, குளிர்பெட்டியில் வைத்து, நான் இறங்கும்போது கொண்டுவருகிறேன். ஞாயிறு முகாமில் முதல் வேலையே அதுதான்.

கர்ப்பமானவர்களை மட்டும் நான் காத்திருக்க வைப்பதில்லை. காலிலோ இடுப்பிலோ பெரிய கோளாறு உள்ள பெண்ணுக்குக் கர்ப்பத்தில் வீக்கமும் உறைவும் கூடும், உறைவு நுரையீரலுக்குப் போகும் அபாயம் உண்டு. ஹெப்பாரின் தேவையா என்று ஆரம்பத்திலேயே முடிவு செய்ய வேண்டும். பிரசவத்தில் முதுகில் ஊசி போடுவதாக இருந்தால், முதுகுத்தண்டின் பக்கம் கோளாறு இல்லை என்று படத்தில் பார்த்திருக்க வேண்டும். ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை இவர்களுக்கு வேண்டாம்.

இந்த வைத்தியம் ஒரே தடவையில் முடிவதில்லை. ஊசி போட்ட இடம் சுருங்கிச் சில வருஷத்தில் பக்கத்துச் சிரைகள் விரியலாம், மறுபடி வர வேண்டியிருக்கும். குணமாக்கிவிடுவேன் என்று நான் யாருக்கும் சொல்வதில்லை. வலி குறையும், வேலைக்குப் போகலாம், முகம் வடியும் என்பேன். ஒவ்வொரு தடவைக்கும் அவர்களுக்கு ஆகும் செலவு ஆஸ்பத்திரிச் செலவு மட்டுமல்ல. இருவருக்கு பஸ், இரண்டு நாள் கூலி, வீட்டில் மாட்டுக்கு ஆள். அறுவடை நேரத்தில் தேதி கொடுத்தால் வரமாட்டார்கள், அது அவர்கள் குற்றமல்ல. பூண்டு பிடுங்கும் மாதங்களில் நான் வில்பட்டிக்காரர்களுக்குத் தேதி கொடுப்பதில்லை.

பழநி மலையிலும் கீழேயும் இருக்கும் கிராமச் செவிலியர்களிடமும் அங்கன்வாடி ஆசிரியைகளிடமும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். பிறந்ததிலிருந்து நீலமாக ஒரு வீக்கம், அழுத்தினால் வடிகிறது, அழுதால் பொங்குகிறது, தொட்டால் சூடில்லை என்று ஒரு குழந்தையைப் பார்த்தால், அதை மச்சம் என்று எழுதி மூடிவிடாதீர்கள். ஊசியால் குத்தி நீர் எடுக்கவோ, அறுக்கவோ யாரையும் விடாதீர்கள். மதுரை ராஜாஜி மருத்துவமனைக்கோ, ரத்தநாளப் பிரிவு உள்ள வேறு பெரிய மருத்துவமனைக்கோ அனுப்புங்கள். ஏற்கெனவே எடுத்த எம்.ஆர்.ஐ. சி.டி.யையும் பழைய எக்ஸ்ரேக்களையும் தூக்கிப் போடாமல் கையோடு கொடுத்தனுப்புங்கள்.